பிங் போகிறது, பெயர் தெரிகிறது, பக்கம் மட்டும் திறப்பதில்லை: டெபியன் கேட்வேக்குப் பின்னால் உள்ள கணினிகளில் சில தளங்கள் நின்றுவிடுகின்றன

கேள்வி: வகுப்பறை12

அனைவருக்கும் வணக்கம். நான் கிராமத்துப் பள்ளி ஒன்றில் கணினி அறிவியல் கற்பிக்கும் ஆசிரியை. எங்கள் ஆய்வகத்தில் உபுண்டு 22.04 நிறுவப்பட்ட 14 கணினிகள் இருக்கின்றன. சிறிய ரூட்டர் ஒன்றின் வழியாக அவற்றுக்கு இணையம் கிடைத்து வந்தது. சென்ற மாதம் இடி மின்னலில் அந்த ரூட்டர் எரிந்துபோனது. புதியது வாங்க ஒப்புதல் வருவதற்குள் மாணவர்களின் வேலை நின்றுவிடக் கூடாது என்பதற்காக, மூலையில் கிடந்த பழைய கணினி ஒன்றில் இரண்டாவது நெட்வொர்க் கார்டைப் பொருத்தி, டெபியன் 12 நிறுவி, அதையே கேட்வேயாக, அதாவது ஆய்வகத்துக்கும் இணையத்துக்கும் இடையிலான வாயிலாக மாற்றினேன். ஃபைபர் பெட்டி பிரிட்ஜ் நிலையில், அதாவது தரவை அப்படியே கடத்திவிடும் நிலையில் இருக்கிறது. டெபியன் கணினி பிபிபிஓஇ முறையில் பயனர் பெயரும் கடவுச்சொல்லும் கொடுத்து இணைகிறது. முகவரி மாற்றத்தையும் ஃபயர்வாலையும் லினக்ஸின் பாக்கெட் வடிகட்டியான என்எஃப்டேபிள்ஸ் பார்த்துக்கொள்கிறது. நிறுவனம் ஐபிவி6 முகவரிகளும் கொடுப்பதால், அவற்றையும் ஆய்வகத்துக்குள் பகிர்ந்திருக்கிறேன்.

கேட்வே கணினியில் அமர்ந்து எந்தத் தளத்தைத் திறந்தாலும் உடனே திறக்கிறது. ஆனால் ஆய்வகக் கணினிகளில் தேடுபொறியும் காணொளிகளும் நன்றாக வருகின்றன; கல்வி உதவித்தொகைத் தளம், கலந்தாய்வு விண்ணப்பத் தளம், வங்கித் தளம் ஆகியவை திறப்பதே இல்லை. பிழைச்செய்தி எதுவும் வருவதில்லை. ஃபயர்ஃபாக்ஸின் கீழ் ஓரத்தில் டிஎல்எஸ் கைகுலுக்கல் (பாதுகாப்பான இணைப்புக்கான தொடக்க உரையாடல்) நடப்பதாக ஒரு வரி தோன்றி, அப்படியே நின்று, சில நிமிடங்களுக்குப் பிறகு நேரம் கடந்துவிட்டதாகச் சொல்கிறது. அதே தளங்களுக்கு அதே கணினியிலிருந்து பிங் செய்தால் ஒரு பாக்கெட் கூடத் தவறாமல் பதில் வருகிறது.

கேபிள்களை மாற்றினேன்; ஸ்விட்சை மாற்றினேன்; தளத்தின் பெயரை எண் முகவரியாக மாற்றித் தரும் டிஎன்எஸ் சர்வரின் முகவரியை 8.8.8.8 என்றும் பிறகு 1.1.1.1 என்றும் மாற்றிப் பார்த்தேன்; ஒரு கணினியில் உபுண்டுவை முழுமையாக மீண்டும் நிறுவினேன். பலன் இல்லை. கைப்பேசியின் ஹாட்ஸ்பாட்டில் அதே கணினியை இணைத்தால் எல்லாத் தளங்களும் திறக்கின்றன. இணைய நிறுவனத்தின் உதவி எண்ணில் பேசியபோது, லைன் நன்றாக இருப்பதாகவும் வேகம் சரியாக வருவதாகவும் சொல்லி, எல்லாவற்றையும் ஒருமுறை அணைத்துப் போடச் சொன்னார்கள். பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்கள் 40 பேர் இந்த ஆய்வகத்தை நம்பித்தான் விண்ணப்பிக்கக் காத்திருக்கிறார்கள். எங்கே பார்ப்பது என்று வழிகாட்டுங்கள்.

பதில்: புதுத்தளிர்

வணக்கம் ஆசிரியரே. எனக்கும் சில தளங்கள் மட்டும் திறக்காமல் இருந்தன. உபுண்டுவில் சிஸ்டம்டி ரிசால்வ்டு என்ற சேவை 127.0.0.53 என்ற முகவரியில் அமர்ந்து டிஎன்எஸ் கேள்விகளைக் கையாள்கிறது. நாம் ஓரிடத்தில் டிஎன்எஸ்ஸை மாற்றினாலும் அது வேறோர் இடத்திலிருந்து பழைய முகவரியையே எடுத்துக்கொள்வது உண்டு. ரிசால்வ்சிடிஎல் ஸ்டேட்டஸ் என்ற கட்டளையைக் கொடுத்து, உண்மையில் எந்த டிஎன்எஸ் பயன்பாட்டில் உள்ளது என்று பாருங்கள். என் சிக்கல் அதில்தான் தீர்ந்தது.

பதில்: கம்பிவடம்

ஆசிரியருக்கு வணக்கம். புதுத்தளிர் சொன்ன சோதனை பயனுள்ளது. ஆனால் இந்தச் சிக்கலுக்கு டிஎன்எஸ் காரணமாக இருக்க முடியாது என்பதற்கான சான்று கேள்வியிலேயே இருக்கிறது. ஒரு தளத்தின் பெயரைக் கொடுத்து பிங் செய்து பதில் வருகிறது என்றால், பெயர் எண்ணாக மாறிவிட்டது என்று பொருள். உலாவி டிஎல்எஸ் கைகுலுக்கல் வரை சென்றிருக்கிறது என்றால், பெயர் மாறியது மட்டுமல்லாமல், சர்வருடன் டிசிபி இணைப்பும் ஏற்பட்டுவிட்டது. அதாவது நம் கணினி பேசியிருக்கிறது, அங்கிருந்து பதிலும் வந்திருக்கிறது. அதற்குப் பிறகு வரவேண்டிய ஏதோ ஒன்றுதான் வரவில்லை. அந்த ஏதோ ஒன்று எது என்று கண்டுபிடித்தால் போதும்.

நீங்கள் எழுதியதில் என் கவனத்தை ஈர்த்தவை இரண்டு: கேட்வேயில் எல்லாம் சரியாக இருப்பதும், பிபிபிஓஇ என்ற சொல்லும். இவ்விரண்டும் சேர்ந்து வரும்போது பாக்கெட்டின் அளவைத்தான் முதலில் சந்தேகிக்க வேண்டும். ஊகத்தின் பேரில் எதையும் மாற்றச் சொல்ல எனக்கு விருப்பமில்லை என்பதால், நான்கு சோதனைகளைச் செய்து விடைகளை இங்கே எழுதுங்கள். கட்டளைகளைத் தமிழ் ஒலிப்பில் எழுதுகிறேன். டெர்மினலில் வழக்கமான ஆங்கில எழுத்துகளில் தட்டுங்கள்.

முதலாவதாக, ஆய்வகக் கணினி ஒன்றிலிருந்து, நிற்கும் தளம் ஒன்றுக்கு 'கர்ல் -வி' கொடுங்கள். அது எந்த வரியோடு நிற்கிறது என்பது முக்கியம். இரண்டாவதாக, அதே கணினியிலிருந்து 'பிங் -4 -எம் டூ -எஸ் 1472' என்று கொடுத்து அதே தளத்தின் பெயரைச் சேருங்கள். இங்கே எம் மட்டும் பெரிய எழுத்து. அந்த விருப்பம், வழியில் யாரும் பாக்கெட்டைத் துண்டாக்கக் கூடாது என்று சொல்கிறது. 1472 பைட் தரவு, 8 பைட் ஐசிஎம்பி (பிங் பயன்படுத்தும் செய்தி முறை) தலைப்பு, 20 பைட் ஐபி தலைப்பு ஆகியவை சேர்ந்து 1500 ஆகும். பிறகு 1472 என்பதை 1464 ஆக்கி மீண்டும் கொடுங்கள். மூன்றாவதாக, கேட்வேயில் 'ஐபி லிங்க்' கொடுத்து, பிபிபி0 என்ற பிபிபிஓஇ இடைமுகத்தின் எம்டியூ, அதாவது அது ஏற்கும் பாக்கெட்டின் உச்ச அளவு, எவ்வளவு என்று பாருங்கள்.

நான்காவது சோதனைதான் தீர்ப்பு வழங்கும். ஓர் ஆய்வகக் கணினியில் மட்டும் 'சூடோ ஐபி லிங்க் செட் டெவ்' என்று தொடங்கி, அதன் நெட்வொர்க் கார்டின் பெயரைக் கொடுத்து, இறுதியில் 'எம்டியூ 1492' என்று முடியுங்கள். அதன் பிறகு உலாவியை மூடித் திறந்து, நின்றுபோன தளத்துக்குச் செல்லுங்கள். இந்த மாற்றம் தற்காலிகமானது. கணினியை மறுதொடக்கம் செய்தால் பழைய நிலைக்குத் திரும்பிவிடும்.

பதில்: வகுப்பறை12

மிக்க நன்றி ஐயா. இன்று மாலை வகுப்பு முடிந்த பின் நான்கையும் செய்தேன்.

கர்ல் கட்டளை, இணைப்பு ஏற்பட்டதாகச் சொல்லிவிட்டு, 'கிளையன்ட் ஹலோ' வெளியே சென்றதாக ஒரு வரி காட்டி, அதற்கு மேல் நகரவில்லை. 1472 கொடுத்தபோது எங்கள் கேட்வேயின் முகவரியிலிருந்தே, துண்டாக்க வேண்டியிருக்கிறது, எம்டியூ 1492 என்று பதில் வந்தது. 1464 கொடுத்தபோது எல்லாப் பாக்கெட்டுகளும் சென்று திரும்பின. பிபிபி0 இன் எம்டியூ 1492. ஆய்வகக் கணினிகளின் எம்டியூ 1500.

நான்காவது சோதனையைச் செய்ததும் உதவித்தொகைத் தளம் இரண்டு நொடிகளில் திறந்துவிட்டது. அருகில் நின்ற மாணவி, டீச்சர் இதில் மட்டும் என்ன மாற்றினீர்கள் என்று கேட்டாள். வெறும் எட்டு என்ற எண் எப்படி ஒரு தளத்தையே மறைத்துவிடும் என்பதற்கு என்னால் அவளுக்கு விளக்கம் சொல்ல முடியவில்லை. கேட்வேயில் எல்லாம் திறந்ததற்கும், பிங் தவறாமல் வந்ததற்கும் காரணம் புரிந்தால் வகுப்பிலும் சொல்லிக்கொடுப்பேன்.

பதில்: கம்பிவடம்

அந்த மாணவிக்காகவே சற்று விரிவாக எழுதுகிறேன்.

ஈதர்நெட்டில் ஒரு பாக்கெட் சுமக்கக்கூடிய அளவு 1500 பைட். பிபிபிஓஇ என்பது பிபிபி என்ற பழைய டயல் முறையை ஈதர்நெட்டின் மேல் ஏற்றி அனுப்பும் ஏற்பாடு. 1999 இல் ஆர்எஃப்சி 2516 என்ற இணைய நெறிமுறை ஆவணமாக வெளியானது. ஏற்றும்போது அதற்கென்று 6 பைட் தலைப்பும், பிபிபிக்கு 2 பைட்டும் தேவைப்படுகின்றன. 1500 இலிருந்து இந்த எட்டும் போக, நம் பாக்கெட்டுக்கு மிஞ்சுவது 1492. உங்கள் பள்ளிக்கும் இணைய நிறுவனத்துக்கும் இடையிலுள்ள அந்த ஒரு கண்ணி மட்டும் இப்படிக் குறுகியது. அதற்கு இரு பக்கமும் பெரும்பாலும் 1500 தான்.

இரயில் பாதையின் அடியில் தாழ்வான பாலம் இருக்கும் ஊரை நினைத்துக்கொள்ளுங்கள். உயரமான லாரி அங்கே வந்தால், இந்த உயரத்துக்கு மேல் போகாது, சரக்கைக் குறைத்து ஏற்றி அனுப்புங்கள் என்று அனுப்பியவருக்குத் தகவல் போக வேண்டும். இணையத்தில் அந்தத் தகவலின் பெயர் ஐசிஎம்பி வகை 3, குறியீடு 4. அனுப்புகிறவர் அதைப் பெற்றுக்கொண்டு அளவைக் குறைத்து மறுபடி அனுப்புவதுதான், 1990 இல் ஆர்எஃப்சி 1191 வகுத்த பாதை எம்டியூ கண்டறிதல். 1472 சோதனையில் உங்கள் கேட்வே அனுப்பியது இந்தத் தகவலைத்தான். நம் பக்கத்திலிருந்து வெளியே செல்லும் பெரிய பாக்கெட்டுகளுக்கு அந்த முறை ஒழுங்காக வேலை செய்கிறது.

எதிர்த்திசையில் நடப்பது வேறு. உதவித்தொகைத் தளத்தின் சர்வர் தன் பாதுகாப்புச் சான்றிதழை அனுப்புகிறது. சான்றிதழ் சில ஆயிரம் பைட் இருக்கும் என்பதால் 1500 பைட் பாக்கெட்டுகளாக, துண்டாக்காதே என்ற குறிப்புடன் புறப்படுகிறது. அது இணைய நிறுவனத்தின் கடைசிக் கருவி வரை வந்து, 1492 என்ற பாலத்தின் முன் நிற்கிறது. அந்தக் கருவி சர்வருக்குத் தகவல் அனுப்பாமல் பாக்கெட்டைப் போட்டுவிடலாம். அல்லது அது அனுப்பிய தகவலை, ஐசிஎம்பி என்றாலே ஆபத்து என்று கருதும் யாரோ ஒருவரின் ஃபயர்வால் வழியில் தடுத்துவிடலாம். இரண்டில் எது நடந்தாலும் சர்வருக்கு ஒன்றும் தெரியாது. அது அதே 1500 பைட் பாக்கெட்டை மீண்டும் மீண்டும் அனுப்பிக்கொண்டே இருக்கும். உங்கள் உலாவி காத்துக்கொண்டே இருக்கும். இதைக் கருந்துளை என்று அழைப்பார்கள். பாக்கெட் உள்ளே போகிறது, பிழைச்செய்தி கூட வெளியே வருவதில்லை.

பிங் ஏன் தவறவில்லை என்பது இப்போது விளங்கும். சாதாரண பிங் 84 பைட் தான். எந்தப் பாலத்தின் அடியிலும் அது நுழைந்துவிடும். பெரிய பிங் அனுப்பினாலும், பதில் அதே அளவில்தான் திரும்பும். 1492ஐ மீறியது போகும் வழியிலேயே நின்றுவிடுவதால், திரும்பும் வழியின் கோளாற்றைப் பிங்கால் காட்டவே முடியாது. 1464 சோதனை சென்று திரும்பியதும் பாதை சரி என்று பலர் முடிவு செய்து, தவறான திசையில் நாள்கணக்கில் தேடுகிறார்கள்.

கேட்வேயில் எல்லாம் திறந்ததற்குக் காரணம் எம்எஸ்எஸ். டிசிபி இணைப்பு தொடங்கும்போதே, ஒரு பாக்கெட்டில் எனக்கு இவ்வளவு தரவு அனுப்பலாம் என்று ஒவ்வொரு முனையும் மறுமுனைக்குச் சொல்லிவிடும். தன் எம்டியூவிலிருந்து ஐபி தலைப்புக்கும் டிசிபி தலைப்புக்குமான 40 பைட்டைக் கழித்து இந்த எண்ணைச் சொல்வார்கள். கேட்வே பிபிபி0 வழியாகப் பேசுவதால் 1452 என்று சொல்கிறது. சர்வரும் அதற்குள் அடங்கியே அனுப்புகிறது. ஆய்வகக் கணினிக்குத் தன் ஈதர்நெட் மட்டுமே தெரியும் என்பதால் 1460 என்று சொல்கிறது. அந்த மாணவி கேட்ட எட்டு இதுதான்.

தேடுபொறியும் காணொளியும் வந்ததற்கும் காரணம் உண்டு. அத்தகைய பெரிய தளங்களுடன் இன்றைய உலாவிகள் டிசிபிக்குப் பதிலாக, யுடிபியின் மேல் இயங்கும் குவிக் முறையில் பேசுகின்றன. 2021 இல் ஆர்எஃப்சி 9000 ஆக வெளிவந்த அந்த முறை 1200 பைட் அளவில் தொடங்கி, பாதை இடம்கொடுத்தால் மட்டுமே அளவை உயர்த்துகிறது. டிசிபியிலும் சில சர்வர்கள், பெரிய பாக்கெட் தொடர்ந்து தொலைவதைத் தாமே உணர்ந்து அளவைக் குறைக்குமாறு அமைக்கப்பட்டிருக்கும். லினக்ஸில் டிசிபி எம்டியூ ப்ரோபிங் என்ற அமைப்பு அதற்காகவே இருக்கிறது. இயல்பில் அது 0, அதாவது அணைந்த நிலை.

எரிந்துபோன ரூட்டரில் இந்தச் சிக்கல் வராததற்குக் காரணம், கடையில் கிடைக்கும் ரூட்டர்கள் பொதுவாக எம்எஸ்எஸ் எண்ணைத் தாமே திருத்திவிடும். உள்ளிருந்து வெளியே செல்லும் இணைப்புத் தொடக்கப் பாக்கெட்டைப் பிடித்து, 1460 என்பதை அழித்து 1452 என்று எழுதி அனுப்பும். நாமே கேட்வே அமைக்கும்போது அந்த வேலையை நாமே சொல்ல வேண்டும். லினக்ஸ் அதைக் கேட்காமல் செய்வதில்லை.

14 கணினிகளிலும் எம்டியூவை மாற்ற வேண்டாம். நாளை ஒரு மாணவர் தன் மடிக்கணினியைக் கொண்டுவந்து இணைத்தால் சிக்கல் மீண்டும் வரும். என்எஃப்டேபிள்ஸ் அமைப்புக் கோப்பில், ஃபார்வர்டு சங்கிலியில் (கேட்வே வழியாகக் கடந்துசெல்லும் பாக்கெட்டுகளுக்கான விதிகளின் வரிசையில்) இந்த வரியைச் சேருங்கள்: 'டிசிபி ஃபிளாக்ஸ் சின் டிசிபி ஆப்ஷன் மேக்ஸ்செக் சைஸ் செட் ஆர்டி எம்டியூ'. பழைய ஐபிடேபிள்ஸ் பயன்படுத்துகிறவர்களுக்கு, மேங்கிள் அட்டவணையில் டிசிபிஎம்எஸ்எஸ் என்ற இலக்கும் 'கிளாம்ப்-எம்எஸ்எஸ்-டு-பிஎம்டியூ' என்ற விருப்பமும் இதே வேலையைச் செய்யும்.

பதில்: வகுப்பறை12

ஐயா, இதை அப்படியே அச்செடுத்து ஆய்வகச் சுவரில் ஒட்டப் போகிறேன். ஆனால் வரியைச் சேர்த்த பிறகும் நிலைமை மாறவில்லை. கோப்பில் பிழை இல்லை. என்எஃப்டேபிள்ஸ் சேவையை மறுதொடக்கம் செய்தேன். 'என்எஃப்டி லிஸ்ட் ரூல்செட்' கொடுத்தால் அந்த வரி தெரிகிறது. சோதனைக்காக 1492 ஆக்கிய கணினியை மறுதொடக்கம் செய்ததும் அதிலும் தளங்கள் மீண்டும் நின்றுவிட்டன. என் ஃபார்வர்டு சங்கிலியில் மொத்தம் நான்கு வரிகள்: ஏற்கனவே ஏற்பட்ட இணைப்புகளை அனுமதிப்பது, உள்ளிருந்து வெளியே செல்பவற்றை அனுமதிப்பது, செல்லாத பாக்கெட்டுகளைப் போட்டுவிடுவது, இறுதியாக நீங்கள் சொன்ன வரி.

பதில்: நள்ளிரவுப்பணி

வணக்கம் அம்மா. இரவு நேரத்தில் நெட்வொர்க் கண்காணிப்புப் பணியில் இருப்பவன் நான். உங்கள் கடைசி வாக்கியத்தில் விடை இருக்கிறது. என்எஃப்டேபிள்ஸ் ஒரு சங்கிலியை மேலிருந்து கீழாகப் படிக்கும். ஒரு வரி பாக்கெட்டை அனுமதித்துவிட்டால், அதே சங்கிலியில் அதற்குக் கீழே உள்ள வரிகளை அந்தப் பாக்கெட் பார்க்காமலேயே போய்விடும். உள்ளிருந்து புறப்படும் தொடக்கப் பாக்கெட்டை உங்கள் இரண்டாவது வரி அனுமதித்து வெளியே அனுப்பிவிடுகிறது. நான்காவது வரிக்கு அது வந்து சேர்வதே இல்லை. சர்வரிடமிருந்து திரும்பும் தொடக்கப் பதிலை முதல் வரியே அனுமதித்துவிடுகிறது. எம்எஸ்எஸ் வரியைச் சங்கிலியின் தலையில், எல்லாவற்றுக்கும் மேலே வையுங்கள். அந்த வரி எண்ணைத் திருத்துமே தவிர யாரையும் அனுமதிக்கவோ தடுக்கவோ செய்யாது. ஆகவே மேலே வைப்பதால் உங்கள் பாதுகாப்பு எந்த வகையிலும் குறையாது. ஐபிடேபிள்ஸில் மேங்கிள் தனி அட்டவணை என்பதால் இந்த வரிசைச் சிக்கல் எழாது. அந்தப் பழக்கத்தில் இருப்பவர்கள் என்எஃப்டேபிள்ஸுக்கு மாறும்போது இந்த இடத்தில் அடிக்கடி தவறுகிறார்கள். கம்பிவடம் ஐயாவும் வேகத்தில் இதைச் சொல்ல விட்டிருக்கலாம்.

செல்லாத பாக்கெட்டுகளைப் போட்டுவிடும் வரியையும் அனுமதி வரிகளுக்கு மேலே கொண்டுவாருங்கள். இப்போது இருக்கும் இடத்தில், உள்ளிருந்து கிளம்பும் செல்லாத பாக்கெட்டுகளுக்கு அதனால் பயனில்லை.

திருத்தம் நடக்கிறதா என்பதைக் கண்ணால் பார்த்து உறுதி செய்வது நல்லது. கேட்வேயில், கடந்துசெல்லும் பாக்கெட்டுகளைக் காட்டும் டிசிபிடம்ப் என்ற கருவியை நிறுவி, பிபிபி0 மீது, தொடக்கப் பாக்கெட்டுகளை மட்டும் வடிகட்டிக் காட்டச் சொல்லுங்கள். ஆய்வகக் கணினி ஒன்றிலிருந்து ஏதாவது ஒரு தளத்தைத் திறந்தால், திரையில் ஓடும் வரிகளின் நடுவே எம்எஸ்எஸ் என்ற சொல்லும் ஓர் எண்ணும் தெரியும். இப்போது 1460 என்று காட்டும். வரியை இடம் மாற்றிய பிறகு 1452 என்று காட்ட வேண்டும். உலாவியில் பக்கம் திறக்கிறதா என்று பார்ப்பதைவிட இந்தச் சான்று உறுதியானது, ஏனெனில் உலாவி ஏற்கனவே சேமித்து வைத்த பக்கத்தைக் காட்டியும் நம்மை ஏமாற்றலாம்.

பதில்: வகுப்பறை12

மிக்க நன்றி. இடம் மாற்றியதும் டிசிபிடம்ப்பில் 1452 தோன்றியது. கலந்தாய்வுத் தளமும் உதவித்தொகைத் தளமும் 14 கணினிகளிலும் திறக்கின்றன. இன்று மட்டும் 11 மாணவர்கள் விண்ணப்பத்தை முடித்தார்கள்.

வங்கித் தளம் மட்டும் இன்னும் பழையபடியே நிற்கிறது. 'கர்ல் -4 -வி' கொடுத்தால் திறக்கிறது. வெறும் 'கர்ல் -வி' கொடுத்தால் நீளமான ஐபிவி6 முகவரியோடு இணைந்ததாகச் சொல்லி, பழைய இடத்திலேயே நிற்கிறது. ஐபிவி6 சிக்கல் என்றால் அதை முழுவதும் அணைத்துவிடலாமா?

பதில்: நள்ளிரவுப்பணி

அணைக்க வேண்டாம் அம்மா. நோய் ஒன்றுதான். உங்கள் எம்எஸ்எஸ் வரி 'டேபிள் ஐபி' என்ற அட்டவணைக்குள் இருக்க வேண்டும் என்று நினைக்கிறேன். அந்த அட்டவணை ஐபிவி4 பாக்கெட்டுகளை மட்டுமே பார்க்கும். ஐபிவி6க்கான அட்டவணை தனியாக இருந்தால், அதன் ஃபார்வர்டு சங்கிலியின் தலையிலும் அதே வரியைச் சேருங்கள். அல்லது இரண்டையும் 'டேபிள் ஐநெட்' என்ற பொது அட்டவணைக்குள் கொண்டுவாருங்கள். ஐபிவி6 தலைப்பு 40 பைட் என்பதால், இம்முறை டிசிபிடம்ப்பில் 1432 தெரியும்.

உலாவிகள் ஐபிவி6 கிடைக்காவிட்டால் ஐபிவி4க்குத் தாமே மாறிக்கொள்ளும் என்று படித்திருப்பீர்கள். ஆனால் இணைப்பு ஏற்படவில்லை என்றால்தான் அவை மாறும். இங்கே இணைப்பு ஏற்பட்டுவிடுகிறது. அதற்குப் பின் வரும் பெரிய பாக்கெட்தான் தொலைகிறது. அதனால் உலாவி ஐபிவி6ஐயே நம்பிக் காத்திருக்கிறது.

ஐபிவி6 குறித்து ஒரு வேண்டுகோள். அதில் வழியிலுள்ள ரூட்டர்கள் பாக்கெட்டைத் துண்டாக்குவதே இல்லை. ஐசிஎம்பிவி6 வகை 2, அதாவது பாக்கெட் மிகப் பெரியது என்ற தகவலை நம்பியே எல்லாம் நடக்கிறது. ஆகவே உங்கள் ஃபயர்வாலில் ஐசிஎம்பிவி6ஐ மொத்தமாகத் தடுக்கும் வரி எதுவும் இருந்தால் தயவுசெய்து நீக்குங்கள். எண்ணற்ற நிர்வாகிகள் பாதுகாப்பு என்று எண்ணி இந்தத் தகவலைத் தடுத்துவைத்திருப்பதால்தான், எங்கோ ஒரு பள்ளியில் மாணவர்கள் சுழலும் வட்டத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார்கள். பிங்குக்குப் பதில் தர விரும்பாதவர்கள் அதை மட்டும் தடுத்துக்கொள்ளட்டும். வகை 3 குறியீடு 4ஐயும் இந்த வகை 2ஐயும் தொடக் கூடாது.

பதில்: கம்பிவடம்

வரிசையைக் குறிப்பிடாமல் விட்டது என் தவறு; நள்ளிரவுப்பணி சுட்டிக்காட்டியதற்கு நன்றி. இந்தக் கேள்வியைப் பின்னாளில் தேடி வருபவர்களுக்காக இரண்டு செய்திகளைச் சேர்க்கிறேன்.

முதலாவது, வயர்கார்டு போன்ற விபிஎன் பயன்படுத்துகிறவர்களுக்கு. வயர்கார்டின் வழக்கமான எம்டியூ 1420. அது 1500 இலிருந்து 80ஐக் கழித்துப் பெற்ற எண். ஐபிவி4 மேல் சென்றால் அதன் சுமை 60 பைட் தான் என்பதால், 1492 பாலத்தின் அடியில் 1480 ஆக நுழைந்துவிடும். ஐபிவி6 மேல் சென்றால் சுமை 80 என்பதால் 1500 ஆகி நின்றுவிடும். பிபிபிஓஇ இணைப்பில் இருப்பவர்கள் 1412 என்று வைத்துக்கொள்வது பாதுகாப்பானது. வயர்கார்டு யுடிபியில் செல்வதால், கேட்வேயில் நாம் எழுதிய எம்எஸ்எஸ் வரி அந்த வெளிப் பாக்கெட்டைத் தொடாது.

இரண்டாவது, 2006 இல் வந்த ஆர்எஃப்சி 4638. நெட்வொர்க் கார்டின் எம்டியூவை 1508 ஆக்கி, அதற்குள் பிபிபிஓஇயின் 8 பைட்டை அடக்கி, பிபிபி0க்கு முழு 1500ஐயே கொடுக்க அது வழி செய்கிறது. ஆனால் உங்கள் கார்டு, ஃபைபர் பெட்டி, நிறுவனத்தின் கருவி ஆகிய மூன்றும் அதை ஏற்க வேண்டும். ஒன்று ஏற்காவிட்டாலும் புதிய குழப்பம் வரும் என்பதால், விண்ணப்பக் காலம் முடியும் வரை ஆசிரியர் இதை முயல வேண்டாம் என்பது என் கருத்து.

பதில்: வகுப்பறை12

எம்எஸ்எஸ் வரி 'டேபிள் ஐபி'க்குள்தான் இருந்தது. இரண்டு அட்டவணைகளையும் ஐநெட்டாக இணைத்து எழுதினேன். வங்கித் தளம் திறந்துவிட்டது. டிசிபிடம்ப்பில் 1432ஐயும் பார்த்தேன். ஐசிஎம்பிவி6ஐத் தடுக்கும் ஒரு வரியும் இருந்தது. எங்கோ பார்த்து நகலெடுத்தபோது உடன் வந்தது, அதை நீக்கிவிட்டேன். 'சிஸ்டம்சிடிஎல் எனேபிள் என்எஃப்டேபிள்ஸ்' கொடுத்து, கேட்வேயை மறுதொடக்கம் செய்தும் சோதித்தேன், எல்லாம் நிலைத்திருக்கின்றன.

புதிய ரூட்டருக்கான ஒப்புதலும் இன்று வந்தது. டெபியன் கேட்வே நன்றாக ஓடுவதால் அந்தத் தொகையில் மாணவர்களுக்கு ஓர் அச்சுப்பொறி வாங்கலாமா என்று தலைமை ஆசிரியரிடம் கேட்டிருக்கிறேன். நாளை முதல் பாடவேளையில், எட்டு பைட் எங்கே போனது என்று கேட்ட மாணவியே டிசிபிடம்ப்பை இயக்கி மற்றவர்களுக்குக் காட்டப் போகிறாள்.